‘அதெல்லாம் வயசுப் பசங்களுக்கு வர்றது கண்ணு’: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

எச்.ஐ.வி. பரிசோதனை பற்றி இப்பகுதியில் சில மாதங்களுக்கு முன்பு வெளியான ஒரு சிறு பதிலைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஐம்பது வயதைக் கடந்த கிராமத்துப் பெரியவர்களைப் பற்றியவையாக இருந்தது எனக்கே வியப்பாக இருந்தது. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எழுதியவர் எவருடைய பெயரையும் ஊரையும் வெளியிடவில்லை.

கேள்வி: என் தந்தைக்கு வயது 67. திருச்செங்கோடு பக்கத்துக் கிராமம். இருபத்தைந்து ஆண்டுகள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய் வந்தவர். கடந்த 12 ஆண்டுகளாக ஊரோடு இருந்து தோட்டத்தையும் எருமைகளையும் பார்த்துக்கொள்கிறார். ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு முறை அக்கி வந்தது. எடை ஒன்பது கிலோ குறைந்துவிட்டது. சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கிறது. சர்க்கரை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்து பார்த்துவிடலாமே என்று நான் சொன்னதற்கு அவர், ‘அதெல்லாம் வயசுப் பசங்களுக்கு வர்றது கண்ணு’ என்று சிரித்துவிட்டார். அம்மாவோ, ‘பெத்த அப்பனப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?’ என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் கேட்டது தவறா?

பதில்: தவறில்லை. சொல்லப்போனால், உங்கள் தந்தையைப் பார்த்த மருத்துவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அக்கி என்பது சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்புகளில் ஒடுங்கிக் கிடந்து, உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது மீண்டும் தலைதூக்குவதால் வருவது. ஐம்பதுக்கு மேல் எச்.ஐ.வி. இல்லாத ஏராளமானோருக்கும் அது வரும் என்பதால், ஒருமுறை அக்கி வந்ததை மட்டும் வைத்து எவரையும் சந்தேகிப்பதற்கில்லை. ஆனால் குறுகிய காலத்தில் இரண்டாம் முறை வருவதும், காரணம் தெரியாத எடைக்குறைவும், மாலைக் காய்ச்சலும் ஒன்றுசேரும்போது காசநோய்க்கான சளிப் பரிசோதனையோடு எச்.ஐ.வி. பரிசோதனையையும் செய்வதுதான் முறை. அறுபதைக் கடந்தவருக்கு இவற்றையெல்லாம் ‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று ஒதுக்கிவிடும் பழக்கம் வீட்டாரிடம் மட்டுமல்ல, எங்கள் தொழிலில் இருப்பவர்களிடமும் இருக்கிறது.

உங்கள் தந்தையின் சிரிப்புக்கு அறியாமை என்று பெயர் வைத்துவிட்டால் நாம் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. எச்.ஐ.வி. பற்றி அவருடைய தலைமுறைக்குத் தெரிந்த அளவு இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது என்றே சொல்வேன். இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களிடமிருந்து எடுத்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. முதல் செய்தியே அப்படி வந்ததால் ‘அந்த மாதிரி ஆட்களுக்கு’ வருகிற நோய் என்ற முத்திரை அன்றே விழுந்துவிட்டது. பிறகு லாரிப் பட்டறைகளிலும் நெடுஞ்சாலை உணவகங்களிலும் நடந்த பிரசாரங்கள், சுவர்தோறும் கண்ட ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வி ஆகிய அனைத்தையும் பார்த்தும் கேட்டும் சிரித்தும் கடந்தவர்கள் இவர்கள். விளம்பரத்துக்காகக் கற்பனையாகப் படைத்த புள்ளிராஜாவின் வயது அந்தப் பலகையிலேயே நின்றுவிட்டது. அதை அண்ணாந்து பார்த்த நாற்பது வயதுக்காரருக்கு இன்று அறுபதுக்கு மேல் ஆகிறது. அவர் மனத்தில் அந்த நோய்க்கு உரியவர் இன்றும் அந்தப் பலகையிலிருக்கும் ஆள்தான், தாம் அல்லர்.

இதற்கும் ஆழமாக இன்னொரு காரணம் இருக்கிறது. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் ஒன்றில் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசிப் பழகியதில் நான் கண்டது இது: நம் கிராமத்துப் பெரியவர்கள் பால்வினை நோய் என்றால் வெட்டை, மேகம் என்ற பழைய சொற்களைக் கொண்டே அதை விளங்கிக்கொள்கிறார்கள். வெட்டை வந்தால் எரியும், சீழ் வரும். மேகம் என்றால் புண் வரும், தோலில் தெரியும். உடம்புச் சூடு என்று எண்ணி மருந்து சாப்பிட்டால் அது தணியும், ஆளும் எழுந்து நடமாடுவார். அதாவது, தப்பு நடந்தால் சில நாட்களிலேயே உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்கவில்லை என்றால் தப்பித்துவிட்டோம் என்று பொருள். இந்தக் கணக்கில் வளர்ந்த ஒருவரிடம், எரிச்சலோ புண்ணோ எதுவும் இல்லாமல் எட்டு, பத்து ஆண்டுகள் கிருமி உடலுக்குள் இருக்கும் என்று சொன்னால் அவர் தலையை ஆட்டுவார். ஆனால் அதைத் தம்மோடு பொருத்திப் பார்க்கமாட்டார். ‘வண்டியை விட்டு இறங்கிப் பன்னிரண்டு வருசம் ஆச்சே’ என்பது அவர் பார்வையில் அசைக்க முடியாத சான்று. காலாவதியான கடன் பத்திரம்போல, அந்தக் காலத்தில் நடந்தது அந்தக் காலத்தோடு போயிற்று என்று அவர் நினைக்கிறார்.

உருவத்தைப் பற்றிய நம்பிக்கையும் இதில் சேர்ந்துகொள்கிறது. அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் மாதத்தில்தான். நாட்டில் முதலில் தொடங்கிய எட்டு மையங்களுள் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நாமக்கல், சேலம் பகுதிக் கிராமங்களில் இந்த நோயால் இறந்தவர்களைப் பார்த்த கண்கள் இந்தப் பெரியவர்களுடையவை. எலும்பும் தோலுமாகத் திண்ணையில் கிடந்த உருவமே எச்.ஐ.வி. என்று அவர்கள் மனத்தில் பதிந்திருப்பதால், உழவு ஓட்டுகிற, பால் கறக்கிற, திடகாத்திரமான ஒருவருக்கு அது இருக்கக்கூடும் என்ற எண்ணமே எழுவதில்லை. உங்கள் தந்தை ஒன்பது கிலோ இளைத்த பிறகும் அந்த உருவத்தைத் தம்மிடம் அவர் காணவில்லை.

ஆகவே நீங்கள் வாதாட வேண்டாம். வாதாடினால், ‘வெளியூரில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்?’ என்று மகன் கேட்பதாகவே அது அவர் காதில் விழும். உங்கள் தாய்க்கும் அப்படித்தான் விழுந்திருக்கிறது. காசநோய்ப் பரிசோதனைக்கு என்று சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள மருத்துவரிடம் முன்கூட்டியே விவரத்தைச் சொல்லிவிட்டால், இந்த அறிகுறிகளுக்கு எல்லோருக்கும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனைகளுள் இதுவும் ஒன்று என்று அவரே எடுத்துச் சொல்வார், அது உண்மையும்கூட. மருத்துவர் வாயிலிருந்து வந்தால் அது மருத்துவம். மகன் வாயிலிருந்து வந்தால் பழி. உங்கள் தந்தையின் சம்மதத்தோடுதான் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவருக்குத் தெரியாமல் செய்ய முயலாதீர்கள். அவருக்குக் கிருமி இருப்பது தெரியவந்தால் உங்கள் தாயும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்கு 61 வயது. என் வீட்டுக்காரர் லாரி டிரைவராக இருந்தார். 2007இல் இறந்துபோனார். நெஞ்சுச் சளி, டி.பி. என்று சொன்னார்கள், ஆனால் அவருடைய அண்ணன் வீட்டில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். நான் இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்துகொண்டதில்லை. எனக்கு வந்திருந்தால் இத்தனை ஆண்டுகளில் தெரிந்திருக்காதா? இனிமேல் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

பதில்: அம்மா, உங்கள் கணவருக்கு வந்தது வெறும் காசநோயாகவே இருந்திருக்கலாம். எச்.ஐ.வி. இல்லாத லட்சக்கணக்கானோருக்கு நம் நாட்டில் காசநோய் வருகிறது. ஊரார் பேச்சை மருத்துவச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சிகிச்சை இல்லாத நிலையில் இந்தக் கிருமி தொற்றியவர்களில் பாதிப்பேருக்குச் சுமார் பத்து ஆண்டுகளுக்குள் கடுமையான நோய்கள் வந்துவிடும் என்பதால், இத்தனை ஆண்டுகளாக நீங்கள் நலமாக இருப்பது நல்ல அறிகுறிதான். ஆனால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. மிக மெதுவாக நோய் முற்றுகிறவர்கள் சிலர் எப்போதும் உண்டு. ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றை 2007 முதல் மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் வயதுப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்று கிராமத்தில் ஒரு பெண் கருவுற்றால், செவிலியர் பதிவு செய்யும்போதே மற்றப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் நடந்துவிடுகிறது. அதனால் உங்கள் மகளோ மருமகளோ தாமாகத் தேடிப் போகாமலே ஓரிரு முறை பரிசோதிக்கப்பட்டிருப்பார்கள். கர்ப்பிணிகளுக்கான அந்தத் திட்டம் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில்தான் விரிவாக வந்தது; நீங்கள் பிள்ளை பெற்று முடித்தது அதற்கு முன்பு. எனவே வாழ்நாளில் ஒருமுறைகூட இந்தப் பரிசோதனைக்கு வாய்ப்பே வராத ஒரு தலைமுறைப் பெண்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். கணவனைத் தவிர வேறொருவரை அறியாத தமக்கு இது எப்படி வரும் என்று அவர்கள் கேட்கிறார்கள். நம் நாட்டுப் பெண்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்தத் தொற்று வந்த வழியே திருமணம்தான் என்பதை அவர்களிடம் யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. தாலிக்கும் தொற்றுக்கும் தொடர்பில்லை. ஆனால் பத்தினிக்கு வராது என்ற எண்ணம் அவர்களுக்குக் காவலாக இருப்பதற்குப் பதிலாகக் கதவை அடைத்து வைத்திருக்கிறது.

அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்று கேளுங்கள். உள்ளூரில் விசாரிக்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்கலாம். பக்கத்து ஊர் மையத்துக்குப் போவதற்கும் தடையில்லை. ஆலோசகர் ஒருவர் தனியறையில் பேசுவார்; நீங்கள் சம்மதித்த பிறகே ரத்தம் எடுப்பார்கள்; பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும். முதல் சோதனையில் கிருமி இருப்பதாகக் காட்டினால் வேறு முறைகளிலும் சோதித்து உறுதிப்படுத்திய பிறகே சொல்வார்கள். இவை எதற்கும் பணம் கிடையாது. தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்றால் அந்தப் பேச்சு இன்றோடு முடியும். இருக்கிறது என்றால் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு என்று பாராமல் உடனே மாத்திரை தொடங்குவது 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாளுக்கு ஒரு மாத்திரை, பேரன் திருமணத்தைப் பார்க்கும் ஆயுள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். எங்கள் ஊராட்சியில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களெல்லாம் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காகவே நடக்கின்றன. பெரியவர்களுக்கு ஆபத்துக் குறைவு என்பதற்குப் புள்ளிவிவர ஆதாரம் இருக்கிறதா?

பதில்: ஆதாரம் இருக்கிறதா என்பதைவிட, பெரியவர்களை எண்ணிப் பார்த்தோமா என்று கேட்டால் விடை எளிதாகக் கிடைக்கும். நாட்டில் எச்.ஐ.வி. தொற்றின் அளவு சுமார் 0.2 விழுக்காடு என்று நாம் படிக்கும் எண், 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களைப் பற்றியது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2015–16ஆம் ஆண்டுச் சுற்றில் ரத்தம் எடுத்துச் சோதித்தபோது பெண்களில் 49 வயது வரையும் ஆண்களில் 54 வயது வரையும்தான் எடுத்தார்கள். கர்ப்பிணிகளிடம் நடத்தப்படும் கண்காணிப்பில் மூத்தவர்கள் வர வழியே இல்லை. கருவுறும் வயதையும் உழைக்கும் வயதையும் மையமாகக் கொண்டு வகுத்த முறைகள் இவை. தொடக்க காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இன்று நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இந்தத் தொற்றோடு வாழ்கிறார்கள். மருந்தின் பயனால் அவர்கள் நீண்டநாள் வாழ்வதால் ஐம்பதைக் கடந்தவர்களின் பங்கு ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே வருகிறது. எண்ணப்படாதவர் தமக்கு ஆபத்தில்லை என்று எண்ணிக்கொள்வதில் வியப்பென்ன இருக்கிறது?

பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது நான் மனமார மகிழ்ந்தேன். அப்படி வாசலுக்கு வரும் பணியாளர், வாழ்நாளில் ஒருமுறையாவது எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டீர்களா என்ற ஒரு கேள்வியையும் கேட்டால் போதும் என்பது என் சொந்தக் கருத்து. ஊராட்சிக் கூட்டத்தில் தாங்கள் இதை எழுப்பலாம். ஆசிரியர் சொன்னால் கேட்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

கேள்வி: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு 57, அவருக்கு 63. அவருக்கு வெளியில் பழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியும். மாதவிலக்கு நின்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை பிறக்கும் வயதே போய்விட்டது, இனி ஆணுறை எதற்கு என்கிறார். இந்த வயதில் ஆபத்துக் குறைவுதானே?

பதில்: குறைவில்லை, ஒரு வகையில் கூடுதல். மாதவிலக்கு நின்ற பிறகு சுரப்பு குறைவதால் பிறப்புறுப்பின் உட்சவ்வு மெலிந்து வறண்டுவிடுகிறது. உறவின்போது கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் எளிதில் ஏற்பட்டு, கிருமி நுழைவதற்கு வழியாகின்றன. வயதான பிறகு தொற்றினால், இளவயதில் தொற்றியதைவிட நோய் விரைவாக முற்றும் என்பதும் தெரிந்த செய்தி. ஆணுறையைக் குடும்பக் கட்டுப்பாட்டுப் பொருளாக மட்டுமே அரை நூற்றாண்டு காலம் சுவரில் எழுதி வந்ததன் விளைவை உங்கள் கணவர் பேச்சில் காண்கிறேன். கருத்தடை அறுவை செய்துகொண்ட நாளோடு அந்தப் பொருளின் வேலை முடிந்தது என்று அவர் தலைமுறை நினைக்கிறது.

உங்கள் கூச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். மருமகள் வீட்டுக்கு வந்த பிறகு மாமனாரும் மாமியாரும் ஓர் அறையில் படுப்பதையே நகைப்பாகப் பார்க்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. பேரப்பிள்ளையோடு அவள் கூடத்தில், கயிற்றுக்கட்டிலோடு அவர் களத்தில் என்று படுக்கை பிரிந்துவிடும். படுக்கை பிரிந்ததாலேயே ஆசையும் அடங்கிவிட்டதாக வீட்டார் முடிவு கட்டுகிறார்கள். வெளிப் பழக்கங்கள் பல அந்த முடிவின் நிழலில்தான் வளர்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் வீரிய மாத்திரை கேட்டு மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் அறுபதைக் கடந்தவர்கள் எத்தனை பேர் என்று கடைக்காரரைக் கேட்டால் வீட்டார் வாயடைத்துப் போவார்கள்.

இந்த வயதில் கணவரிடம் ஆணுறை வேண்டும் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியாததன்று. எனவே முதலில் உங்கள் பரிசோதனையை நீங்கள் செய்துகொள்ளுங்கள். அதற்கு அவருடைய அனுமதி தேவையில்லை. சமீபத்தில் தொற்றியிருந்தால் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். கணவரையும் அழைத்துவரச் சொல்லி ஆலோசகர் மூலமாகக் கேட்டால் அதில் குற்றச்சாட்டின் தொனி குறையும். அதுவரை உறவைத் தவிர்ப்பதற்கு இடுப்பு வலி, மூட்டு வலி என்று எந்தக் காரணத்தையும் சொல்லலாம். பொய் சொல்லச் சொல்கிறாரே மருத்துவர் என்று யாரும் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. அவருடைய இளைய மகளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மருந்து சாப்பிட்டு நன்றாக இருக்கிறாள். அவள் வீட்டுக்கு வந்தால் மாமியார் தனித் தட்டும் தனி டம்ளரும் வைக்கிறார். கொசு கடித்தால் பரவுமா என்று கேட்கிறார். குலதெய்வக் கோயிலில் பேரனுக்கு மொட்டை அடித்தபோது கத்தியைப் பார்த்து அவர் பட்ட பயம் சொல்லி முடியாது.

பதில்: தட்டாலும் டம்ளராலும் பரவாது. கொசுவால் பரவாது, கொசுவின் வயிற்றில் இந்தக் கிருமி பெருகுவதில்லை. தொடுவதால், ஒரே பாயில் படுப்பதால், குழந்தையை முத்தமிடுவதால் பரவாது. நோயாளியின் ரத்தக் காயத்தைத் துடைக்க நேர்ந்தால் மட்டும் கையுறை போட்டுக்கொள்வது நல்லது; அது எந்த நோயாளிக்கும் பொருந்தும்.

மொட்டைக் கத்தியைப் பொறுத்தவரை, உடலுக்கு வெளியே காய்ந்துபோன ரத்தத்தில் எச்.ஐ.வி. விரைவாகச் செயலிழந்துவிடும் என்பதால் அந்த வழியில் தொற்ற வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆயினும் ஆளுக்கொரு புது பிளேடு கேட்டு வாங்குங்கள்; மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்–பி கிருமி காய்ந்த ரத்தத்தில் ஏழு நாட்கள்கூட உயிரோடிருக்கும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

உங்கள் மாமியார் செய்வது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. மூத்தவர்களின் அச்சம் பெரும்பாலும் தட்டிலும் கொசுவிலும் கத்தியிலும்தான் குடியிருக்கிறது. தம் கையால் தொடக்கூடிய, கழுவக்கூடிய, விலக்கி வைக்கக்கூடிய பொருள்களில் ஆபத்தை வைத்துவிட்டால் விலகியிருப்பது எளிது. தம் இல்லற வாழ்வில் அதை வைத்துப் பார்ப்பதுதான் கடினம். அவரிடம் அவர் மகளைப் பற்றியே பேசுங்கள். கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து கணவனுக்கோ மனைவிக்கோகூட உறவின் மூலம் தொற்றுவதில்லை. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தபோது, அன்றைய வழக்கத்தைவிட முன்பே மருந்து தொடங்கியதால் துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்தது தெரிந்தது. அந்த ஆய்வில் சென்னைத் தம்பதியரும் இருந்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் அதை மேலும் உறுதிசெய்தன. கணவனுக்கே தொற்றாத ஒன்று டம்ளர் வழியாகத் தாய்க்கு எப்படி வரும் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கண்புரை அறுவைக்காக 70 வயதான என் பெரியப்பாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். சொல்லாமல் கொள்ளாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, இருக்கிறது என்று அவரிடம் சொல்லாமல் அவருடைய மகனை வராந்தாவில் நிறுத்தி வைத்துச் சொன்னார்கள். அறுவையும் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள். இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர.

பதில்: இந்தச் சிறு கடிதத்தில் மூன்று சட்டமீறல்கள் இருக்கின்றன. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, விளக்கிச் சொல்லி உரியவரின் சம்மதத்தைப் பெறாமல் இந்தப் பரிசோதனையைச் செய்யக்கூடாது. முடிவை அவருடைய சம்மதமின்றிப் பிறருக்கு வெளியிடக்கூடாது. தொற்று இருப்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கவும் கூடாது. மகன் என்பதால் தந்தையின் முடிவைக் கேட்கும் உரிமை வந்துவிடாது. எழுபது வயதானவர் என்றால் அவருக்காக வேறொருவர் கேட்டுக்கொள்ளலாம் என்று நம் மருத்துவமனைகள் நினைக்கின்றன; சட்டத்தில் வயது உச்சவரம்பு எதுவும் இல்லை. இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவமனைகளில் இதற்கென்று புகார் அலுவலர் இருக்க வேண்டும். அங்கே எழுத்தில் கொடுங்கள். மாநில அளவில் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.

புகாரைவிட அவசரமானது பெரியப்பாவிடம் சொல்வது. நம்பிக்கை மையத்துக்கு அவரை அழைத்துச் சென்று, ஆலோசகர் வழியாக அவரே கேட்டு, அவரே சம்மதித்து, மறுபரிசோதனை செய்துகொள்ளட்டும். முதல்கட்டப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டவும் கூடாது. கண்புரை அறுவைக்கு எச்.ஐ.வி. ஒரு தடையே அன்று. அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 64 வயது. இரண்டு ஆண்டுகளாக ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரைக்கும் மாத்திரை உண்டு. மூட்டு வலிக்குக் கால்சியம் மாத்திரையும், உறவினர் ஒருவர் தந்த லேகியமும் சாப்பிடுகிறேன். எல்லாவற்றையும் காலையில் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன். சரிதானா?

பதில்: சரியில்லை. இப்போது பெரும்பாலானோருக்குத் தரப்படும் கூட்டு மாத்திரையில் டோலுடெக்ரவிர் என்ற மருந்து இருக்கிறது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளையும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அமில முறிவு மருந்துகளையும் அதோடு சேர்த்துச் சாப்பிட்டால் டோலுடெக்ரவிர் உடலில் சரியாகச் சேராது. ஏ.ஆர்.டி. மாத்திரையை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ சாப்பிடுவது பாதுகாப்பானது. சர்க்கரைக்கு நீங்கள் சாப்பிடுவது மெட்பார்மின் என்றால், டோலுடெக்ரவிர் அதன் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும். நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாதபடி மருத்துவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை மருத்துவரிடம் எச்.ஐ.வி. மாத்திரையைப் பற்றிச் சொல்லக் கூசி மறைப்பவர்களுக்குத்தான் இதில் சிக்கல் வருகிறது. கூட்டு மாத்திரையில் உள்ள டெனோபோவிர் சிறுநீரகத்தையும் எலும்பையும் சிலருக்குப் பாதிக்கும் என்பதால், உங்கள் வயதில் சிறுநீரகப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மூட்டு வலியையும் ஏ.ஆர்.டி. மருத்துவரிடமே முதலில் சொல்லுங்கள்.

லேகியத்தில் என்ன இருக்கிறது என்று டப்பாவைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. சிலவற்றில் உலோகப் பற்பம் கலந்திருக்கும்; அது சிறுநீரகத்துக்குக் கேடு. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது எல்லா அட்டைகளையும் அந்த டப்பாவையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மருத்துவர் மேசைமேல் கொட்டுங்கள். அதுவரை லேகியத்தை நிறுத்திவையுங்கள், ஏ.ஆர்.டி. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.